பெண்கள் மேடையிலிருந்து ஒரு சாட்சி

1879, ஜூன் 10, செவ்வாய்

காலையிலிருந்து மழை. வாசகசாலைக்கு நான்கு பேர்தான் வந்தார்கள், அதில் இருவர் நனையாமல் இருக்க. கடற்பயண நூல் ஒன்றை எழுபது பக்கம் படித்தேன். கப்பல் உடைந்த பிறகு மாலுமிகள் எப்படி உயிர் பிழைத்தார்கள் என்பதை ஆசிரியர் ஒரே பத்தியில் முடித்துவிடுகிறார். எனக்கு வேண்டியது அந்தப் பத்திதான்.

இந்த நோட்டை இனி வீட்டில் வைக்கப்போவதில்லை. வாசகசாலையின் கடைசி அலமாரியில், யாரும் எடுக்காத பிரசங்கத் தொகுப்புகளுக்குப் பின்னால் இருக்கட்டும். விடுதிக்காரி மிஸஸ் கீஹோவுக்குத் தலையணைகளைத் தூக்கிப் பார்க்கும் பழக்கம் உண்டு. அவள் பார்க்கக் கூடாத ஒன்றை இன்று எழுத வேண்டியிருக்கிறது.

காலை உணவின்போது மலாக்கி அண்ணன் தேநீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினான். கை நடுங்கவில்லை. கெட்டிலைச் சரியாகத்தான் சாய்த்தான். கோப்பை இருப்பதாக அவன் நினைத்த இடத்தில் கோப்பை இல்லை, அவ்வளவுதான். மேசைத்துணியில் வட்டமாகக் கறை பரவியது. மிஸஸ் கீஹோ, "என்னப்பா, நேத்து ராத்திரி எங்க போயிருந்தே?" என்று சிரித்தாள். அவனும் சிரித்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் கறையைப் பார்த்தேன்.

மே மாதம் பேஸ்பால் ஆட்டத்தில் மட்டை பிடித்து நின்றபோது ஈரப்பந்து ஒன்று வந்து வலது கண்ணில் அடித்ததே, அந்த வீக்கம் வடிந்து மூன்று வாரமாகிறது. "சரியாப் போச்சு" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டான். எல்லோரிடமும் என்றால் என்னிடமும்.

ஜூன் 11

இன்று தேநீரை நானே ஊற்றினேன். அவன் கோப்பையை என் பக்கம் நகர்த்தினான்.

ஜூன் 14, சனி

ஆட்டம். எங்கள் வெக்ஸ்டன் அணி ஆறு, எதிரணி நான்கு.

நான்காவது இன்னிங்ஸில் ஓடி வந்தவனைப் பந்தால் தொட்டு அவுட் ஆக்க மலாக்கி பாய்ந்தான். தொட்டானா இல்லையா என்று நடுவருக்குத் தெரியவில்லை. இருப்பது ஒரே நடுவர், அவர் மட்டையடிப்பவன் பக்கத்திலிருந்து எவ்வளவைத்தான் பார்ப்பார். மற்ற ஆட்டக்காரர்களிடம் கேட்டால் அவரவர் கட்சிக்குச் சொல்வார்கள். அதனால் எல்லா நடுவர்களும் செய்வதைத்தான் இவரும் செய்தார், மலாக்கியையே கேட்டார். "டெவேனி, தொட்டியா?"

"இல்ல சார். அரை அங்குலம் தப்பிடுச்சு."

எங்கள் ஊர்க் கூட்டமே ஓவென்று கத்தியது. எங்கள் அணியில் இரண்டாம் தளத்தை, அதாவது செகண்ட் பேஸை, காக்கும் காஸ்பர், "பாதிரி, பாவமன்னிப்பெல்லாம் ஞாயித்துக்கிழமை வெச்சுக்கய்யா, இன்னிக்கு சனி" என்று கத்தினான். அணியில் மலாக்கிக்குப் 'பாதிரி' என்றுதான் பெயர். ஆட்டம் முடிந்ததும் அதே கூட்டம் இவனைத் தோளில் தட்டியது. தோற்றிருந்தால் தட்டியிருக்காது.

அரை அங்குலம். எனக்கு அதுதான் உறுத்துகிறது. மே மாதத்துக்கு முன்பு அவனுக்கு அரை அங்குலம் தப்பாது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும், என் நோட்டிடமாவது. அவன் பக்கம் பந்து உயரும்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். இன்று நேற்று வந்ததல்ல. அவன் தொழில்முறை ஆட்டக்காரனான நாளிலிருந்து இப்படித்தான். கூட்டத்தின் சத்தத்தை வைத்து என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்வேன். பக்கத்தில் உட்காரும் மிஸஸ் கீஹோவுக்குக்கூடத் தெரியாது. தொப்பியின் விளிம்பு பெரியது.

ஜூன் 17

அவனே சொல்லிவிட்டான். ஆற்றுப்பாலத்தில் நடந்துகொண்டிருந்தோம். நான் வலப்பக்கம் போனதும் திடுக்கிட்டுத் திரும்பினான். பிறகு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றான்.

"வலது கண்ல பனிமூட்டம் மாதிரி இருக்கு ஜோ. வெளிச்சம் தெரியுது. வேற ஒண்ணும் தெரியல."

"டாக்டர்?"

"பாத்துட்டேன். அது வராதாம். இன்னொண்ணப் பத்திரமா வெச்சுக்கன்னாரு."

பத்திரமாக வைத்துக்கொள்வதா? வெறுங்கையால் பந்து பிடிக்கிறவன்!

"அப்ப விட்டுடு அண்ணா. நாளைக்கே கேப்டன்கிட்டப் போய்ச் சொல்லிடு."

"காதால பிடிக்கறேன்டி. மட்டைல படற சத்தத்துலயே எங்க விழும்னு தெரியுது. ஒரு கண்ணு மிச்சத்தப் பாத்துக்கும்." தண்ணீரை எட்டிப் பார்த்தான். "ஆனா ஒண்ணு. பந்தப் பிடிச்சேனா இல்லையான்னு எனக்கே தெரியாமப் போற அன்னிக்கு நான் நிறுத்திடுவேன். யாரும் சொல்ல வேண்டியதில்ல. சத்தியம்."

அவன் சத்தியம் செய்தால் அது நடக்கும். அந்த நாள் சீக்கிரம் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பிறகு, வரக் கூடாது என்றும். ஒரே ஜெபத்தில் இரண்டும்.

ஜூன் 19

காஸ்பரின் மைத்துனர் குதிரை டிராம் கொட்டகையில் மேஸ்திரி. அங்கே ஓட்டுநர் வேலை ஒன்று காலியாம், மாதக் கடைசி வரை பிடித்து வைக்கிறேன் என்கிறாராம். காஸ்பர் மலாக்கிக்காகவே கேட்டு வைத்திருக்கிறான். அப்படியென்றால் காஸ்பருக்குத் தெரியும். "குதிரைக்கு ரெண்டு கண்ணு, உனக்கு ஒண்ணு. மூணு இருக்கே, போதும்" என்றானாம்.

மலாக்கி, "பாக்கலாம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறான்.

ஜூன் 21, சனி, மாலை

ஒரு விஷயம் நடந்துவிட்டது. வரிசையாக எழுதினால்தான் புரியும் — எனக்கே.

ரோச்ஃபோர்டு அணி. ஒன்பதாவது, கடைசி இன்னிங்ஸ். நாங்கள் ஒரு ஓட்டம் முன்னால். அவர்களில் இருவர் அவுட், இருவர் தளங்களில். இன்னும் ஒரு ஆள் அவுட் ஆனால் ஆட்டம் எங்களுக்கு. ரோச்ஃபோர்டு ஆள் மட்டையோடு வந்து நின்று "தாழ்வா" என்று கேட்டான். அடிப்பவன் கேட்கும் உயரத்தில் போடுவதுதான் விதி, தாழ்வாகவே போட்டார்கள். அடித்தான். பந்து நடு மைதானத்தை நோக்கி, மலாக்கியை நோக்கி, உயரமில்லாமல் சரிந்து போனது.

கண்ணை மூடிக்கொண்டேன்.

எப்போதும் வரும் சத்தம் வரவில்லை. பாதிக் கூட்டம் ஆரவாரம், பாதி முனகல், பிறகு சண்டை. திறந்தபோது மலாக்கி புழுதியில் முட்டி போட்டிருந்தான். கையில் பந்து. தளங்களில் இருந்த இருவரும் ஓடி வந்து முடித்துவிட்டார்கள். தரையில் பட்டு எழும்பிய பந்து என்றால் அவர்களுக்கு வெற்றி. நேராகப் பிடித்தது என்றால் எங்களுக்கு.

நடுவர் மிஸ்டர் டன்ஹாம் இந்த ஊருக்குப் புதியவர், ஆனால் மலாக்கியின் பெயரைக் கேள்விப்பட்டிருந்தார். நேராக அவனிடம் நடந்து போனார். எங்கள் மேடைக்கு எதிரேதான், எல்லாம் காதில் விழுந்தது.

"டெவேனி, உன் வார்த்தை எனக்குப் போதும். பிடிச்சியா?"

மலாக்கி கையிலிருந்த பந்தைப் பார்த்தான். அப்படி ஒரு பார்வையை நான் மறக்கமாட்டேன். யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல.

"சொல்ல முடியல சார். கைல இருக்கு. எப்படி வந்துச்சுன்னு தெரியல."

ரோச்ஃபோர்டு கேப்டன் சிரித்தான். "கைல வெச்சுக்கிட்டே தெரியலங்கறான் பாருங்க. போதுமா?" எங்கள் கேப்டன் லைமன் பிராட் தொப்பியைத் தரையில் அடித்தார்.

அந்த நாள் வந்துவிட்டது என்று எனக்கு உடனே புரிந்தது. பாலத்தில் சொன்ன நாள். ஒரு நொடி நிம்மதிகூட வந்தது. பொய்யில்லை, வந்தது.

ஆனால் நடுவருக்குப் பார்வையாளர்களைக் கேட்க விதி இடம் கொடுக்கிறது. ஆண்கள் பக்கம் திரும்பினால் இரைச்சல்தான் பதில். அதனால் எங்கள் பெண்கள் மேடைக்கு வந்தார். தொப்பியைக் கழற்றினார். சீமாட்டிகள் பொய் சொல்லமாட்டார்கள் என்று இந்த நாட்டில் எந்த நடுவர்தான் நம்பவில்லை?

"உங்களில் யாராவது தெளிவாகப் பார்த்தீர்களா?"

மிஸஸ் கீஹோ என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். "இவளக் கேளுங்கய்யா. ஆட்டத்த விட்டுக் கண்ண எடுக்கவே மாட்டா."

இவள் டெவேனியின் தங்கை என்று ஒருவரும் சொல்லவில்லை. வெக்ஸ்டன் ஊரே வாயை மூடிக்கொண்டது. முன்வரிசையில் எங்கள் பங்குக் கோயிலின் ஆர்கன் வாசிக்கும் அம்மாள்கூட.

நான் எழுந்தேன். 'பார்க்கவில்லை' என்று சொல்லத்தான் எழுந்தேன். இதை நான் சத்தியமாக எழுதுகிறேன். எதிரே அவன் முட்டி போட்டபடியே என் பக்கம் திரும்பினான், நல்ல கண்ணை என்மேல் வைக்கத் தலையைச் சற்றுச் சாய்த்து. அந்தச் சாய்ப்பு.

"பிடித்தார். பந்து தரையில் படவில்லை. இரண்டு கையையும் அடியில் கொடுத்து, தலையைக் குனிந்து, புல்லிலிருந்து ஒரு சாண் உயரத்தில் எடுத்தார்."

மிஸ்டர் டன்ஹாம், "நன்றி அம்மா" என்றார். அவுட். தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள் அவனை.

ஒரு சாண் உயரத்தில். அது எங்கிருந்து வந்தது? விவரம் சேர்த்தால்தான் பொய்க்கு உயிர் வரும் என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எல்லாப் புத்தகங்களிலிருந்தும் அதைத்தான் கற்றிருக்கிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

பூசைக்குப் போனேன். நற்கருணைக்கு எழவில்லை. மிஸஸ் கீஹோ கவனித்தாள்.

மலாக்கி பாடிக்கொண்டே வீட்டுக்கு வந்தான்.

ஜூன் 24

நான் நினைத்ததைவிட மோசம்.

இன்று மாலை விடுதிக்குப் பின்னால் சுவரில் பந்தை எறிந்து பிடித்துக்கொண்டிருந்தான். குனிந்து, இரண்டு கையையும் அடியில் கொடுத்து. திரும்பத் திரும்ப.

"என்ன பண்றே?"

"நீ சொன்னதத்தான். எனக்குத் தெரியவே தெரியாது ஜோ, நான் அப்படிப் பிடிச்சேன்னு. கையே தானாப் போயிருக்கு. கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரிஞ்சிருக்கு பாரு." முகம் அப்படி மலர்ந்திருந்தது. "நீ பாக்கலேன்னா அன்னிக்கே நிறுத்தியிருப்பேன். சத்தியம் பண்ணினேனே."

"டிராம் வேலை?"

"வேற யாருக்காவது குடுக்கச் சொல்லிட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். பந்து சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. பிடித்தான். "இதோ" என்றான். மூடிக்கொண்டேன்.

ஜூன் 26

சொல்லிவிடலாம். சொன்னால் என்ன ஆகும்? ஆட்டம் போகும். அவன் முகத்திலிருந்து அந்த மலர்ச்சி போகும். சொல்லாவிட்டால்? இன்னொரு கண்.

எழுதிப் பார்த்தால் இவ்வளவு எளிது. எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஒரு குழந்தைக்குத் தெரியும். ஆனால் அவன் படியேறும் சத்தம் கேட்டதும் எனக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

ஜூன் 28, சனி

வெளியூர் ஆட்டம். தந்திச் செய்தியை மதுக்கடை ஜன்னலில் இன்னிங்ஸ் வாரியாக ஒட்டுவார்கள். பெண்கள் அங்கே நிற்கக் கூடாது. எதிர்ச் சாரியில் தொப்பிக்கடை முன்னால் நின்றேன், ஒன்றரை மணி நேரம். கடைக்காரர், "அம்மா, அந்த நீலத்தொப்பிய எடுத்துக் காட்டவா?" என்று மூன்று முறை கேட்டுவிட்டார்.

தோற்றுவிட்டார்கள். அடிபட்டதாக யாரும் சொல்லவில்லை. போதும்.

ஜூலை 2

சனிக்கிழமை வெளியூர் ஆட்டத்தில் அண்ணன் இரண்டு பந்துகளை விட்டானாம். கேப்டன் பிராட், "வெயில் கண்ணக் கூசுது போல" என்றாராம். வானம் மேகமாக இருந்ததாம். இதைச் சொல்லிச் சிரித்தது காஸ்பர். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னிடம் கேட்டான்:

"அன்னிக்கு நீங்க நெசமாவே பாத்தீங்களா?"

"ஏன் கேட்கிறீர்கள்?"

"நான் பத்தடி தள்ளி நின்னேன். எனக்கே தெரியல. அதான்."

நாளை சொல்கிறேன். நாளை.

ஜூலை 3

நாளை சுதந்திர தினம், விடுமுறை. ஆட்டம் முடிந்ததும் சொல்கிறேன்.

ஜூலை 4, வெள்ளி

காலை ஆட்டம். பட்டாசு, வாத்தியம், எலுமிச்சைச் சாறு, ஊரே மைதானத்தில்.

மூன்றாவது இன்னிங்ஸ். தரையோடு வந்த பந்து. மலாக்கி ஓடி வந்தான், குனிந்தான், இரண்டு கையையும் அடியில் கொடுத்தான், தலையைத் தாழ்த்தினான்.

கண்ணை மூடிவிட்டேன். பழக்கம்.

சத்தமே இல்லை. ஆயிரம் பேர் இருக்கும் இடத்தில். அதுதான் —

இடது புருவம். எலும்பின் விளிம்பில் பட்டிருக்கிறது. ஐந்து தையல். கால் அங்குலம் கீழே என்றால் கண் இருந்திருக்காது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். நாளை மாலை வரை கட்டு போட்டிருக்க வேண்டும். நல்ல கண்ணுக்குக் கட்டு. இன்னொன்றில் பனிமூட்டம்.

நான்தான் அந்தக் கையை அங்கே வைத்தேன். அந்தத் தலையையும்.

ஜூலை 5, சனி

சொல்லிவிட்டேன்.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். நடு வாக்கியத்தில் நிறுத்தினேன். அவனால் என் முகத்தைப் பார்க்க முடியாது என்பதால்தான் தைரியம் வந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

"அண்ணா, ரோச்ஃபோர்டு ஆட்டத்துல நான் எதையும் பாக்கல. கண்ண மூடிட்டிருந்தேன்."

அவன் தலை என் குரல் வந்த பக்கம் திரும்பியது.

"ஒரு சாண் உயரம், ரெண்டு கை, எல்லாமே நானாச் சொன்னது. நீ பிடிச்சியா இல்லையான்னு எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது."

அவன் கை போர்வையைத் தடவிக்கொண்டிருந்தது. கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கண்ண மூடிட்டியா? எதுக்கு?"

"பயம்."

"அன்னிக்கு மட்டுமா?"

"எப்பவும். உன் பக்கம் பந்து வந்தாலே."

"நாலு வருஷமா?"

"நாலு வருஷமா."

அப்போது சிரித்தான். தையல் இழுத்திருக்க வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தான். "அப்ப நான் பிடிச்ச ஒரு பந்தக்கூட நீ பாத்ததே இல்ல."

இதை நான் ஒருமுறைகூட இப்படி நினைத்துப் பார்த்ததில்லை. நான்கு வருடம் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். அவன் எப்படி ஓடுவான், எப்படிக் கை நீட்டுவான், ஒன்றும் தெரியாது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன்தான் என் கையைத் தேடிப் பிடித்தான். முதல் தடவை தப்பிப் போய்த் தலையணையைப் பிடித்தான்.

"மன்னிச்சுட்டேன்னு இப்ப சொல்ல வரல ஜோ. கொஞ்ச நாள் ஆகும்."

"சரி."

"படி. எங்க விட்டே?"

படித்தேன்.

ஜூலை 7, திங்கள்

இருவருமாகக் கேப்டனிடம் போனோம். கண்ணைப் பற்றி அவன் சொன்னான், சாட்சியைப் பற்றி நான் சொன்னேன்.

லைமன் பிராட் முதலாவதைக் கேட்டு நிஜமாகவே வருந்தினார். எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவதைக் கேட்டதும் கதவைச் சாத்தினார்.

"ஜெயிச்ச ஆட்டத்தத் திருப்பிக் குடுக்க வந்த ஆளுங்கள இப்பதான்யா பாக்கறேன். யம்மா, நீங்க பாக்கல, சரி. பந்து தரைல பட்டுச்சுன்னு சொல்றீங்களா?"

"இல்லை. தெரியாது என்கிறேன்."

"தெரியாதுல்ல. அப்ப பிடிச்சிருக்கலாம்ல. போங்க, போய்ப் பொஸ்தகம் படிங்க."

வெளியே வந்ததும் மலாக்கி, "நடுவருக்கு எழுதிடு" என்றான். "அவர் உன்ன நம்பித்தான் தொப்பியக் கழட்டினாரு."

எழுதினேன். அண்ணன் பெயர், என் பெயர், உறவு, எல்லாவற்றையும். ஐந்து வரிதான். விவரம் எதுவும் சேர்க்கவில்லை.

ஜூலை 16

மிஸ்டர் டன்ஹாமின் பதில் வந்தது. ஒரு முறை சொன்ன தீர்ப்பை மாற்ற விதியில் வழியில்லையாம். நான் எழுதியது நல்லதுதானாம். கடைசியில்: "இந்தப் பருவத்தில் ஏழு முறை பெண்கள் மேடையைக் கேட்டிருக்கிறேன். இப்போது மற்ற ஆறைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன்."

மலாக்கியிடம் படித்துக் காட்டினேன். பத்து நாளில் முதல் முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தான்.

ஜூலை 19, சனி

ஆட்டம் இருந்தது. நாங்கள் போகவில்லை. ஆரவாரம் விடுதி வரை கேட்டது. ஒவ்வொரு முறையும் அவன் தலை அந்தப் பக்கம் திரும்பியது. சட்டை தைத்துக்கொண்டிருந்தேன். எதைத் தைத்தேன் என்று தெரியவில்லை, கையை மூடித் தைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 11

டிராம் வேலைக்கு வந்தவன் குடித்துவிட்டு வண்டியைத் தண்டவாளத்திலிருந்து இறக்கிவிட்டானாம். மேஸ்திரி மலாக்கிக்கு மறுபடி ஆள் அனுப்பினார், இந்த முறை அவன் ஒப்புக்கொண்டான். குதிரையின் பெயர் ஜட்ஜ். சாம்பல் நிறம், வயதானது, எந்த முனையில் நிற்க வேண்டும் என்று அதற்கே தெரியுமாம்.

அக்டோபர் 3

நான்காம் நம்பர் வண்டியில் வாசகசாலைக்குப் போனேன். ஓட்டுநர் திரும்பிப் பார்க்கவில்லை. இறங்கும்போது மட்டும், "பாத்து எறங்குங்கம்மா" என்றார், கொஞ்சம் அழுத்தி. வண்டியிலிருந்தவர்களுக்கு நான் ஏன் சிரித்தேன் என்று புரிந்திருக்காது.

1880, மே 1, சனி

பருவத்தின் முதல் ஆட்டம். போகலாமா என்று நான் கேட்கவில்லை. அவனே சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நின்றான்.

பெண்களோடு வரும் ஆண்கள் எங்கள் மேடையில் உட்காரலாம். என்னை வலப்பக்கம் உட்கார வைத்துக்கொண்டான், இப்போதெல்லாம் அதுதான் என் இடம். மிஸஸ் கீஹோ அவனுக்கு வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினாள். காஸ்பர் தூரத்திலிருந்து, "பாதிரி, சீமாட்டி ஆயிட்டீங்க போல" என்று கத்தினான். மலாக்கி தொப்பியைத் தூக்கிக் காட்டினான்.

நடு மைதானத்தில் புது ஆள். மெலிந்த உடம்பு, நீளக் கால்கள், பெயர் இன்னும் மனதில் பதியவில்லை. ஐந்தாவது இன்னிங்ஸில் அவன் தலைக்கு மேலே ஒரு பந்து உயர்ந்தது. மட்டைச் சத்தம் கேட்டதுமே மலாக்கி, "ஆறடி பின்னால" என்று தனக்குள் சொல்லிக்கொண்டான்.

என் கண்கள் மூடிக்கொண்டன. அங்கே நிற்பது யாரோ ஒருவன், இருந்தும்.

முழங்கை என் விலாவில் இடித்தது.

"கண்ணத் தொற ஜோ."

திறந்தேன். அந்த ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடினான். ஓடிக்கொண்டே தோளுக்கு மேல் ஒரே ஒரு முறை பார்த்தான். பிறகு, பந்து எங்கே வரும் என்று யாரோ சொல்லி வைத்ததுபோல, கைகளை நீட்டினான். பந்து வந்து உட்கார்ந்தது. வெறும் கைகளில். இவ்வளவு அமைதியான காரியம் என்று எனக்குத் தெரியாது.

"பிடிச்சானா?" என்றான் மலாக்கி.

"பிடிச்சான்."

"எனக்கே தெரிஞ்சுது. நீ பாத்தியான்னுதான் கேட்டேன்."

"பாத்தேன்."

கடலையை உரித்தான். இரண்டு கீழே விழுந்தன, மூன்றாவது வாய்க்குப் போனது.

"நீயும் இப்படித்தான் பிடிப்பியா?" என்று கேட்டேன்.

மடியிலிருந்த தோலைத் தட்டிவிட்டான். "இல்ல. இவன் என்னவிட நல்லாப் பிடிக்கறான்."

ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் எதுவும் இல்லை. அவன் சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கும்.